ஒழுங்கின்மையை அளப்பது எப்படி: பூச்சிகள் வழியாக ஓர் அறிமுகம்

ஒரு வெள்ளைத் தாளில் நூறு புள்ளிகளை இஷ்டத்துக்கு வையுங்கள். வரிசை வேண்டாம், வடிவம் வேண்டாம், எந்த ஒழுங்கும் வேண்டாம். முடித்ததும் தாளைப் பத்துக்குப் பத்து என்று நூறு கட்டங்களாகக் கோடு போட்டுப் பிரித்து, ஒரு புள்ளிகூட இல்லாத கட்டங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

புள்ளிகள் உண்மையிலேயே தற்செயலாக விழுந்திருந்தால் சராசரியாக 37 கட்டங்கள் காலியாக இருக்கும். இன்னொரு 37 கட்டங்களில் ஒரே ஒரு புள்ளி, 18 கட்டங்களில் இரண்டிரண்டு, ஆறில் மும்மூன்று, மிச்சம் ஓரிரண்டு கட்டங்களில் நான்கோ அதற்கு மேலோ. கையால் புள்ளி வைத்த தாளில் இந்தக் கணக்கு பெரும்பாலும் வராது. காலிக் கட்டங்கள் குறைந்துபோயிருக்கும். காரணம் எளிது. அடுத்த புள்ளியை வைக்கும்போது முந்தைய புள்ளி எங்கே இருக்கிறது என்று கண் பார்த்துவிடுகிறது. கை கொஞ்சம் தள்ளிப் போய்விடுகிறது. இஷ்டத்துக்கு வைக்கிறோம் என்று நினைத்துக்கொண்டே 'பக்கத்தில் வைக்காதே' என்ற ஒரு விதியைப் பின்பற்றியிருக்கிறோம்.

ஒழுங்கின்மையைப் பற்றிப் பேசத் தொடங்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. ஒழுங்கு இல்லாதது என்றால் விதி இல்லாதது, அளக்க முடியாதது, எல்லாம் ஒரே குழப்பம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறோம். அது சரியல்ல. ஒழுங்கின்மையில் பல வகை உண்டு. ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒரு வகையை இன்னொன்றிலிருந்து பிரித்துச் சொல்ல முடியும். இயற்பியலில் ஒழுங்கற்ற அமைப்புகளை ஆராயும் துறை முழுவதும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ளப் பூச்சிகளைப் போல நல்ல உதாரணங்கள் வேறு எங்கும் கிடைப்பது அரிது.

நியூசிலாந்தில் வைடோமோ என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல் குகைகள் இருக்கின்றன. அவற்றின் கூரையில் ஆயிரக்கணக்கான நீலப்பச்சைப் புள்ளிகள் ஒளிரும். படகில் போய் அண்ணாந்து பார்ப்பவர்களுக்கு இரவு வானத்தைப் பார்ப்பது போலவே இருக்கும். ஒளிர்வது மின்மினி அல்ல. கொசு போன்ற ஒரு சிறு ஈயின் புழு. கூரையில் ஒட்டிக்கொண்டு, பசை உருண்டைகள் கோத்த பட்டு இழைகளைக் கீழே தொங்கவிட்டு, வெளிச்சத்தை நாடி வரும் சிறு பூச்சிகளைப் பிடித்துத் தின்னும்.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால் குகைக் கூரைக்கும் வானத்துக்கும் ஒரு வித்தியாசம் தெரியும். வானத்தில் நட்சத்திரங்கள் அங்கங்கே கொத்தாகக் கிடக்கின்றன. இடையே வெறிச்சோடிய பகுதிகள் உண்டு. அந்தக் கொத்துகளில் சிங்கத்தையும் தேளையும் வேட்டைக்காரனையும் மனிதர்கள் கண்டார்கள். குகைக் கூரையிலோ புள்ளிகள் ஓரளவு சீராகப் பரவியிருக்கின்றன. இந்தப் புழுக்கள் தமக்குள் நெருங்குவதைப் பொறுக்காதவை. பக்கத்துப் புழு எட்டும் தூரத்தில் இருந்தால் சண்டை வரும், சில சமயம் ஒன்றை ஒன்று தின்றும்விடும். அதனால் ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு காலி வட்டம் இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் எட்வர்ட் பர்செல் இந்த வேறுபாட்டைக் காட்டுவதற்காகவே கணினியில் இரண்டு புள்ளிப் படங்களை உருவாக்கினார். ஒன்றில் புள்ளிகள் முழுத் தற்செயல். மற்றதில் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் சிறு தடை வட்டம். பார்த்தவர்களுக்கு முதல் படத்தில்தான் ஏதோ வடிவம் ஒளிந்திருப்பதாகத் தோன்றும். இரண்டாவதுதான் தற்செயல் என்று படும். உண்மை நேர்மாறானது. விதி இருப்பது இரண்டாவதில்.

வகுப்பில் இதைச் செய்து காட்டினால் மாணவர்கள் லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது நல்லதுதான். கொத்து கொத்தாக இருப்பதுதான் தற்செயலின் அடையாளம் என்பதை ஏற்க மனம் மறுக்கிறது. அதனால்தான் எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டும், 37 என்ற எண் அங்கேதான் உதவுகிறது.

சரி, கட்டம் போட்டு எண்ணுவது ஒரு வழி. இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. புள்ளிப் படத்தின் மேல் ஒரு வளையத்தை வைத்து, உள்ளே எத்தனை புள்ளிகள் என்று எண்ணுங்கள். வளையத்தை வேறு இடத்துக்கு நகர்த்தி மறுபடியும் எண்ணுங்கள். முழுத் தற்செயலான படத்தில் சராசரியாக 100 புள்ளிகள் விழும் அளவுக்கு வளையம் இருந்தால், இடத்துக்கு இடம் எண்ணிக்கை ஏறக்குறைய பத்து கூடவோ குறையவோ செய்யும். 100இன் வர்க்கமூலம் 10. இது தற்செயலின் கையெழுத்து. புழுக்கள் ஒட்டிய கூரையில் இந்த ஏற்ற இறக்கம் அதைவிடக் குறைவாக இருக்கும். கொத்துக் கொத்தாகச் சேரும் பழக்கமுள்ள உயிர்கள் என்றால் அதிகமாக இருக்கும். ஆக, ஒரே ஒரு அளவையை வைத்துக்கொண்டு 'விலகும் ஒழுங்கின்மை', 'முழுத் தற்செயல்', 'சேரும் ஒழுங்கின்மை' என்று மூன்றையும் பிரித்துவிடலாம். சால்வடோரே டார்குவாட்டோ, ஃபிராங்க் ஸ்டில்லிங்கர் என்ற இரு விஞ்ஞானிகள் 2003இல் இந்த ஏற்ற இறக்கத்தையே அடிப்படையாக வைத்து ஒழுங்கற்ற பொருள்களை வகைப்படுத்த ஒரு புதிய வழியை முன்வைத்தார்கள். பார்வைக்குத் தாறுமாறாகத் தெரிந்தாலும், பெரிய வளையங்களில் எண்ணும்போது படிகம் போலச் சீராக இருக்கும் அமைப்புகள் உண்டு என்று அவர்கள் காட்டினார்கள்.

படிகம் என்றதும் கண்ணாடியைச் சொல்லியாக வேண்டும். குவார்ட்ஸ் படிகத்திலும் சாதாரண சிலிக்காக் கண்ணாடியிலும் இருப்பது ஒரே சரக்கு: சிலிக்கான், ஆக்சிஜன். இரண்டிலும் ஒவ்வொரு சிலிக்கான் அணுவும் நான்கு ஆக்சிஜன் அணுக்களோடு இணைந்திருக்கிறது. அதாவது பக்கத்து வீட்டு நிலவரம் இரண்டிலும் ஒன்றுதான். கண்ணாடியில் ஒரு நாற்கூட்டத்துக்கும் அடுத்த நாற்கூட்டத்துக்கும் இடைப்பட்ட கோணம் மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது. அந்தச் சிறு மாறுதல்கள் சேர்ந்து, நாலைந்து அணுக்கள் தள்ளிப் போனதும் எது எங்கே இருக்கும் என்று சொல்ல முடியாமல் செய்துவிடுகின்றன. அருகில் ஒழுங்கு, தொலைவில் ஒழுங்கின்மை. ஒளிரும் புழுக்களின் கூரையும் அதே ரகம்: மிக அருகில் யாரும் இல்லை என்று உறுதியாகச் சொல்லலாம், பத்தாவது புழு எங்கே என்று சொல்ல முடியாது.

இதுவரை பார்த்தது நிற்கும் ஒழுங்கின்மை. இனி நகரும் ஒழுங்கின்மை. இங்கே கதையைத் தொடங்கி வைத்தது கொசு.

மலேரியாவைக் கொசுக்கள் பரப்புகின்றன என்பதை நிறுவியதற்காக ரொனால்ட் ராஸ் 1902இல் நோபல் பரிசு பெற்றார். அப்புறம் அவரை ஒரு நடைமுறைக் கேள்வி பிடித்துக்கொண்டது. ஒரு பகுதியில் கொசு பெருகும் நீர்நிலைகளை எல்லாம் ஒழித்துவிட்டால், வெளியிலிருந்து கொசுக்கள் எவ்வளவு தூரம் உள்ளே வரும்? கொசு ஒரே திசையில் பறப்பதில்லை. இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று திரும்பித் திரும்பிப் பறக்கிறது. கணக்கு ராஸின் கைக்கு மிஞ்சியதால் புள்ளியியலாளர் கார்ல் பியர்சனிடம் போனது. பியர்சன் அதைச் சுருக்கி, 1905 ஜூலையில் நேச்சர் இதழில் ஒரு கேள்வியாக வெளியிட்டார். ஒருவர் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி நேராகக் குறிப்பிட்ட தூரம் நடக்கிறார். பிறகு ஏதோ ஒரு திசையில் திரும்பி அதே தூரம் நடக்கிறார். இப்படிப் பல முறை. கடைசியில் தொடங்கிய இடத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் இருப்பார்? சமவாய்ப்பு நடை என்று இன்று நாம் சொல்வது இதைத்தான்.

அடுத்த வாரமே இயற்பியலாளர் ராலே பிரபுவிடமிருந்து பதில் வந்துவிட்டது. பல ஒலி அலைகள் தாறுமாறாக ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்ற கணக்கை அவர் 1880லேயே போட்டு வைத்திருந்தார். இரண்டும் ஒரே கணக்கு! அதே 1905இல்தான் நீரில் மிதக்கும் துகள்களின் நடுக்கத்தைப் பற்றிய ஐன்ஸ்டைனின் கட்டுரையும் வந்தது. கொசு, ஒலி, துகள் என்று மூன்று வெவ்வேறு வழிகளில் வந்தவர்கள் ஒரே சூத்திரத்தில் வந்து நின்றார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பைத் தரும் விஷயம்.

சூத்திரத்தின் சாரம் இவ்வளவுதான்: எத்தனை அடி வைத்தோமோ, அதன் வர்க்கமூலத்தின் அளவுக்கே விலகிப் போவோம். ஒரு கொசு ஒவ்வொரு முறையும் பத்து மீட்டர் பறந்து திசை மாற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை பறந்தால் மொத்தம் ஒரு கிலோமீட்டர் பறந்திருக்கும். ஆனால் கிளம்பிய இடத்திலிருந்து ஏறக்குறைய நூறு மீட்டர் தொலைவில்தான் இருக்கும். பத்தாயிரம் முறை பறந்தால் மொத்தப் பயணம் 100 கிலோமீட்டர், விலகல் ஒரு கிலோமீட்டர். தூரம் பத்து மடங்கு கூட வேண்டுமானால் உழைப்பு நூறு மடங்கு கூட வேண்டும்.

நீரில் மைத்துளி பரவுவதும் இதே கணக்குதான். இங்கே அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் கண்ட ஒரு விஷயம் முக்கியமானது. மை ஏன் பரவுகிறது என்று கேட்டால், "மைத் துகள்கள் நெரிசல் குறைந்த இடத்தைத் தேடிப் போகின்றன" என்று பல மாணவர்கள் சொல்கிறார்கள். எங்கும் சமமாகப் பரவிய பிறகு துகள்கள் ஓய்ந்துவிடுகின்றன என்றும் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு. எந்தத் துகளும் எதையும் தேடவில்லை. ஒவ்வொன்றும் கண்டபடி அலைகிறது. நெரிசலான பக்கத்தில் அதிகப் பேர் இருப்பதால், அங்கிருந்து இந்தப் பக்கம் வருபவர்களும் அதிகம், அவ்வளவுதான். சமமான பிறகும் அலைச்சல் நிற்பதில்லை. போகிறவர்களும் வருகிறவர்களும் சமமாகிவிடுகிறார்கள். மிஷலின் சி என்ற கல்வி உளவியலாளர் 2005இல் எழுதிய கட்டுரை இந்தத் தவறு ஏன் இவ்வளவு பிடிவாதமானது என்று விளக்குகிறது. ஒரு நிகழ்வு என்றால் அதற்கு ஒரு செய்பவர், ஒரு நோக்கம், ஒரு முடிவு என்று கதை சொல்லியே நமக்குப் பழக்கம். தனித்தனி அலைச்சல்களின் கூட்டுத்தொகையாக ஒன்று நடக்கும் என்ற சிந்தனைச் சட்டகம் மாணவர் மனதில் ஏற்கனவே இல்லை என்றால், சரியான விடையைச் சொல்லிக் கொடுத்தாலும் அது உட்கார இடமில்லை. பாடப்புத்தகத்தில் இந்தப் பரவலுக்கு, அதாவது விரவுதலுக்கு, ஒரு வரி இலக்கணம் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவது போதாது என்பது என் உறுதியான கருத்து. கொசுவை வைத்துத் தொடங்கினால் பாதி வேலை முடிந்துவிடும். 'ஒவ்வொரு கொசுவும் தொலைவுக்குப் போக முடிவு செய்ததா?' என்று கேட்டாலே யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அடுத்து ஒளி. இருட்டறையில் ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் இரண்டு மூன்று சொட்டுப் பால் விட்டு, பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து பார்த்தால் லேசான நீலம். டார்ச்சுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறம். பாலில் உள்ள நுண்துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. மேலும் மேலும் பாலைச் சேர்த்துக்கொண்டே போனால் நிறங்கள் மறைந்து வெள்ளையாகிவிடும். ஒளி ஒரே ஒரு முறை சிதறி வெளியே வந்தால் எந்த நிறம் எப்படிச் சிதறியது என்ற தகவல் மிஞ்சும். நூறு முறை சிதறிய பிறகு எல்லா நிறங்களும் கலந்து வெளியே வருகின்றன. ராஸின் கொசு பறந்த அதே நடையைத்தான் பாலுக்குள் ஒளி நடக்கிறது.

இந்தக் கலையில் கைதேர்ந்தது தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்த ஒரு வண்டு. சைஃபோகைலஸ் என்பது அதன் பேரினப் பெயர். பால் வெள்ளை என்று சொன்னால் போதாது, அதைவிட வெள்ளை. உடம்பெல்லாம் மெல்லிய செதில்கள் போர்த்தியிருக்கும். ஒரு செதிலின் தடிமன் ஏழு மைக்ரோமீட்டர் அளவுதான். அதாவது மனிதத் தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு. இதே அளவு வெண்மை வர சாதாரணக் காகிதம் நூறு மைக்ரோமீட்டர் தடிமன் இருக்க வேண்டும். வண்டு எப்படி இவ்வளவு மெல்லியதில் சாதித்தது?

பீட்டர் வுகுசிக் குழுவினர் 2007இல் சயன்ஸ் இதழில் இந்தச் செதிலின் உள் அமைப்பை வெளியிட்டார்கள். மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தால் உள்ளே ஒரு புதர். பூச்சிகளின் மேலோட்டில் இருக்கும் கைட்டின் என்ற பொருளாலான, கால் மைக்ரோமீட்டர் தடிமனுள்ள இழைகள் தாறுமாறாகப் பின்னிக் கிடக்கின்றன. இடையெல்லாம் காற்று. கைட்டின் ஒன்றும் ஒளியை வலுவாக வளைக்கும் பொருள் அல்ல. அதன் ஒளிவிலகல் எண் 1.56 அளவுதான். வெள்ளைப் பெயின்டில் கலக்கும் டைட்டானியம் டைஆக்சைடுக்கு அது 2.5க்கு மேல். சுமாரான பொருளை வைத்துக்கொண்டு அபாரமான வெண்மை. ரகசியம் முழுக்க அடுக்கிய விதத்தில்தான் இருக்கிறது.

முதலில், ஏன் ஒழுங்கின்மை? இழைகள் சம இடைவெளியில் வரிசையாக இருந்திருந்தால், அந்த இடைவெளிக்குப் பொருத்தமான ஒரு அலைநீளம் மட்டும் வலுப்பெற்றுத் திரும்பியிருக்கும். வண்டு நீலமாகவோ பச்சையாகவோ மின்னியிருக்கும். இடைவெளிகள் எல்லா அளவிலும் கலந்திருப்பதால் எந்த நிறத்துக்கும் சலுகை இல்லை. 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லாமே ஏறக்குறைய சமமாகத் திரும்புகின்றன. நம் கண்ணுக்கு அதுதான் வெள்ளை.

அடுத்தது, எவ்வளவு நெருக்கம்? இதுதான் பெயின்ட் தயாரிப்பாளர்கள் தடுமாறும் இடம். சிதறடிக்கும் துகள்களைக் கூட்டிக்கொண்டே போனால் வெண்மை கூடிக்கொண்டே போகும் என்றுதான் தோன்றும். ஒரு கட்டம் வரை அது சரி. துகள்கள் ஒன்றோடொன்று மிக நெருங்கிவிட்டால், ஒளிக்கு அவை தனித்தனியாகத் தெரிவதில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே கட்டியாகத் தெரியத் தொடங்கும். சிதறல் குறைந்துவிடும். வண்டின் செதிலில் இழைகள் நெருக்கமாகவும் இருக்கின்றன, அதே சமயம் ஒட்டிக்கொள்ளாமல் விலகியும் நிற்கின்றன. ஒளிரும் புழுக்களுக்குச் சொன்ன அந்த 'விலகும் ஒழுங்கின்மை' இங்கேயும் வருகிறது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. 2014இல் இத்தாலிய, பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒளித் துடிப்புகளைச் செதிலுக்குள் செலுத்தி, அவை வெளியே வர எடுத்துக்கொண்ட நேரத்தை அளந்தார்கள். ஒளி ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோமீட்டர் போவதற்குள் தான் வந்த திசையை மறந்துவிடுகிறது என்று தெரிந்தது. ஏழு மைக்ரோமீட்டர் செதிலைக் கடந்து மறுபக்கம் போவதற்குள் பலமுறை திரும்ப வேண்டியிருக்கிறது. பெரும்பங்கு ஒளி வந்த பக்கமே வெளியேறிவிடுகிறது. இழைகள் முழுக்கத் தாறுமாறாக இல்லை என்பதும் இதில் பங்கு வகிக்கிறது. செதிலின் பரப்புக்கு இணையாகப் படுத்திருக்கும் இழைகள் அதிகம், குத்துக்கோட்டில் நிற்பவை குறைவு. எந்தத் திசையில் ஒளியைத் தடுக்க வேண்டுமோ அந்தத் திசையில் சிதறல் வலுவாக இருக்கும்படியான ஒழுங்கின்மை இது.

இது வெறும் வேடிக்கை அல்ல. உணவில் வெண்மைக்காகச் சேர்க்கப்பட்டு வந்த டைட்டானியம் டைஆக்சைடை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. மாற்று தேடுபவர்களுக்கு இந்த வண்டு ஒரு வழிகாட்டி. தாவர நார்ப்பொருளான செல்லுலோஸின் நுண்ணிழைகளை இதே மாதிரி பின்னி, சில மைக்ரோமீட்டர் தடிமனில் மிக வெள்ளையான படலங்களை ஆய்வகங்களில் செய்துவிட்டார்கள்.

வண்டு ஒழுங்கின்மையை நம்பியது என்றால், தென், மத்திய அமெரிக்கக் காடுகளின் மார்ஃபோ வண்ணத்துப்பூச்சி ஒழுங்கையும் ஒழுங்கின்மையையும் கலந்தது. அதன் சிறகின் கண்ணைப் பறிக்கும் நீலம் நிறமியால் வருவதல்ல. செதிலின் மேல் நீளவாக்கில் வரிசை வரிசையாக மேடுகள். ஒவ்வொரு மேட்டிலும் கைட்டின் தட்டும் காற்றும் மாறி மாறி அடுக்கியிருக்கும். அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் அலைகளில் நீலம் மட்டும் ஒன்றோடொன்று இயைந்து வலுப்பெறுகிறது. இதைச் சோதிக்க ஒரு சொட்டு ஆல்கஹால் போதும். சிறகின் மேல் விட்டால் நீலம் பச்சையாகிவிடும். தட்டுகளுக்கிடையே காற்று இருந்த இடத்தில் திரவம் புகுந்ததால், ஒளி கடக்கும் பாதை நீண்டு, வலுப்பெறும் அலைநீளமும் நீண்டுவிட்டது. உலர்ந்ததும் மறுபடி நீலம். நிறமி என்றால் இப்படி மாறி மாறி வராது. நிறம் என்றாலே சாயம் என்று நினைக்கும் மாணவருக்கு இந்த ஒரு சொட்டு ஒரு முழுப் பாடவேளைக்குச் சமம்.

ஆனால் இங்கே ஒரு புதிர். அடுக்குகளால் உண்டாகும் நிறம் பார்க்கும் கோணத்துக்குக் கோணம் மாற வேண்டும். சோப்புக் குமிழியில் அப்படித்தான் மாறுகிறது. மார்ஃபோவோ பெரும்பாலும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நீலம்தான். ஒசாகா பல்கலைக்கழகத்தின் ஷுய்ச்சி கினோஷிடாவும் உடன் பணியாற்றியவர்களும் 2002இல் இதற்கு விடை தந்தார்கள். ஒரு மேட்டுக்குள் அடுக்குகள் ஒழுங்கானவை. ஆனால் பக்கத்து மேடும் இந்த மேடும் ஒரே உயரத்தில் இல்லை, உயரங்கள் தாறுமாறு. அதனால் ஒரு மேட்டின் ஒளி மற்றொன்றின் ஒளியோடு இயைந்து குறிப்பிட்ட திசைகளில் மட்டும் குவிவதில்லை. ஒவ்வொரு மேடும் தனியாள். மேடுகள் மிகக் குறுகியவை என்பதால் ஒளி அகலமாக விரிந்து பரவுகிறது. நிறத்தைத் தருவது ஒழுங்கு, அதை எல்லாத் திசையிலும் பரப்புவது ஒழுங்கின்மை. இரண்டில் எது குறைந்தாலும் அந்த நீலம் இல்லை.

ஒழுங்கின்மை அலையைப் பரப்பும் என்றுதான் இதுவரை பார்த்தோம். அது அலையை நிறுத்தியும் வைக்கும் என்று காட்டியவர் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன். 1958இல் வெளிவந்த அவருடைய கட்டுரை, அணுக்கள் தாறுமாறாக அமைந்த ஒரு பொருளில் எலக்ட்ரான் என்ன செய்யும் என்று கேட்டது. மோதி மோதி மெதுவாகவாவது பரவும் என்பதே அதுவரை எல்லோரும் எதிர்பார்த்தது. ஒழுங்கின்மை போதிய அளவு மிஞ்சினால் எலக்ட்ரான் ஓரிடத்திலேயே சிறைப்பட்டுவிடும், பரவவே செய்யாது என்றார் அவர். 1977இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

கொசுவுக்கு நடக்காதது எலக்ட்ரானுக்கு ஏன் நடக்கிறது? எலக்ட்ரான் ஓர் அலையும்கூட. சிதறிச் சிதறிச் சுற்றிவந்து கிளம்பிய இடத்துக்கே திரும்பும் ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். அதே பாதையை எதிர்த் திசையிலும் சுற்றலாம். இரண்டின் நீளமும் துல்லியமாகச் சமம். எனவே இரண்டு அலைகளும் திரும்பி வரும்போது ஒன்றோடொன்று இயைந்து வலுப்பெறும். வேறு எந்த இடத்துக்குப் போவதைவிடவும் திரும்பி வருவதற்கு வாய்ப்பு கூடிவிடுகிறது. இது ஒளிக்கும் பொருந்தும். நுண்துகள்கள் மிதக்கும் பால் போன்ற திரவத்தில் லேசரை அடித்தால், ஒளி வந்த திசைக்கு நேர் எதிர்த் திசையில் மட்டும் பிரகாசம் ஏறக்குறைய இரட்டிப்பாவதை 1985இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக அளந்து காட்டின. ஒளியை முழுமையாகச் சிறைப்படுத்துவது அதைவிடக் கடினம். முப்பரிமாணப் பொருள்களில் அது நடந்ததாக வந்த பழைய அறிவிப்புகள் பின்னால் கேள்விக்குள்ளாயின. ஒலியையும் குளிர்வித்த அணுக்களையும் சிறைப்படுத்துவதில் 2008இல் வெற்றி கிடைத்தது. வெள்ளை வண்டின் செதிலில் ஒளி சிறைப்படுவதில்லை. அங்கே நடப்பது வெறும் அலைச்சல்தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

உயிருள்ள கூட்டங்களுக்கும் இந்த அளவைகள் வந்துவிட்டன. மாலையில் தலைக்கு மேல் மொய்க்கும் சிறு ஈக்கூட்டத்தைப் பார்த்தால் ஒவ்வொன்றும் தன் போக்கில் சுற்றுவதாகவே தெரியும். பறவைக் கூட்டம் போல ஒரே திசையில் போவதில்லை. ரோமில் உள்ள ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராக்களை வைத்து ஒவ்வொரு ஈயின் பாதையையும் முப்பரிமாணத்தில் தொடர்ந்து பதிவு செய்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். ஈக்களின் வேக மாற்றங்கள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஒன்று திரும்பினால் அதன் தாக்கம் சற்றுத் தள்ளி இருப்பதுவரை எட்டுகிறது. கூட்டாக ஒரு திசை இல்லை. ஆனாலும் அது வெறும் தற்செயல் கூட்டமும் இல்லை.

இதையெல்லாம் கணிதம் அதிகம் தெரியாத மாணவருக்கு எப்படிக் கொண்டுபோவது? இதற்குக் கிடைத்த மிக நல்ல கருவிகளில் ஒன்று நெட்லோகோ என்ற இலவச மென்பொருள். யூரி விலென்ஸ்கி 1999இல் உருவாக்கியது. அதில் கறையான்களைப் பற்றிய கணினி மாதிரி ஒன்று இருக்கிறது. திரையெங்கும் மரத்துணுக்குகள் தாறுமாறாகச் சிதறிக் கிடக்கும். நடுவே கறையான்கள். ஒவ்வொரு கறையானுக்கும் விதி மூன்றே. கண்டபடி அலை. துணுக்கில் முட்டினால் எடுத்துக்கொள். கையில் துணுக்கோடு இன்னொரு துணுக்கில் முட்டினால், பக்கத்தில் காலியிடம் பார்த்து வைத்துவிடு.

ஓட விடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று மாணவர்களைக் கேட்க வேண்டும். 'எடுப்பதும் வைப்பதும் சரிக்குச் சரியாகிவிடும், ஒன்றும் நடக்காது' என்ற பதிலை எதிர்பார்க்கலாம். குவியல் சேர வேண்டுமானால் எங்கே குவிப்பது என்று சொல்ல ஒரு தலைவர் வேண்டும் என்ற பதிலையும் எதிர்பார்க்கலாம். ஓட விட்டால் சிறு சிறு குவியல்கள் தோன்றும். சில வளரும், சில கரையும். கொஞ்ச நேரத்தில் எண்ணிக்கை குறைந்து பெரிய குவியல்கள் சிலவே மிஞ்சும்.

ஏன் என்று கேட்டு அங்கேயே நிறுத்தி வைப்பது நல்லது. விதிகளைத் திரும்பப் படித்தால் விடை அதிலேயே இருக்கிறது. கையில் உள்ள துணுக்கை எப்போதும் இன்னொரு துணுக்கின் பக்கத்தில்தான் வைக்க முடியும். வெற்றிடத்தில் வைக்க விதி இல்லை. எனவே வைப்பதால் புதுக் குவியல் பிறப்பதே இல்லை. எடுப்பதால் ஒரு குவியல் முழுக்கத் தீர்ந்து போகலாம், தீர்ந்தால் தீர்ந்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குவியல்களின் எண்ணிக்கை குறையும் திசையில்தான் போகும். கறையான் எந்தப் பக்கம் நடந்தாலும் சரி, எத்தனை கறையான் இருந்தாலும் சரி.

அப்புறம் விதியை மாற்றிப் பார்க்கச் சொல்லலாம். கறையான்கள் நேர்க்கோட்டில் மட்டும் நடந்தால்? துணுக்கை வெற்றிடத்திலும் வைக்கலாம் என்றால்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்பு கணிப்பை எழுதி வைத்துவிட்டு, ஓட்டிப் பார்த்து, திரையைப் பத்துக்குப் பத்தாகப் பிரித்துக் காலிக் கட்டங்களை எண்ணலாம். துணுக்குகளும் நூறு என்றால், தொடக்கத்தில் அந்த எண் 37ஐ ஒட்டி இருக்கும். குவியல் சேரச் சேர அது ஏறிக்கொண்டே போகும்.